ஜெனோவாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: நிமிர்ந்து பார்த்து நடக்க ஒரு வழிகாட்டி

மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த கையளவு நிலத்தில் கட்டிய இத்தாலியத் துறைமுக ஊர் ஜெனோவா. பரந்து விரிய இடமில்லாததால் மேல்நோக்கி வளர்ந்தது. ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள் எதிரெதிரே நிற்க, நடுவில் இரண்டு பேர் தோள் உரசாமல் நடக்க முடியாத சந்துகள். அந்தச் சந்துகளை இங்கே ‘கருஜ்ஜி’ என்கிறார்கள். சொகுசுக் கப்பலில் வந்து நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு, “இருட்டு, நெரிசல், ஒன்றுமே இல்லை” என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் செல்பேசியையும் கடை ஜன்னல்களையும் பார்த்தபடியே நடந்திருக்கிறார்கள். இந்த ஊரின் வரலாறு தலைக்கு மேலே இருக்கிறது. சில நாள் தங்க வந்தவரானாலும் சில வருடம் வாழ வந்தவரானாலும், முதல் வாரத்திலேயே நிமிர்ந்து பார்க்கப் பழகிவிட்டால் இந்த ஊர் உங்களோடு பேசத் தொடங்கிவிடும். அதற்கு உதவத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதவு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ரயிலில் வருகிறவர்களுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. பழைய நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் போக மேற்கே உள்ள பியாட்சா பிரின்சிப்பே நிலையத்தில் இறங்குங்கள். கிழக்குப் பகுதிகளுக்கு ப்ரின்யோலே. பிரின்சிப்பே வாசலில் கொலம்பஸ் சிலை நிற்கிறது. அங்கிருந்து வியா பால்பி என்ற தெரு நேராக ஊருக்குள் இறங்கும். பஸ் டிக்கெட்டை, ‘டி’ எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடைகளில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரை இட மறக்காதீர்கள். முத்திரை விழாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம்.

இனி விலாசம். ஜெனோவாவில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள் ஓடுகின்றன. கறுப்பு எண் வீடுகளுக்கு, சிவப்பு எண் கடைகளுக்கு. இரண்டும் தனித்தனியாக எண்ணப்படுவதால், கறுப்பு 12-க்கும் சிவப்பு 12-க்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கலாம். விலாசத்தில் எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது சிவப்பு, அதாவது கடை.

இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. வந்த மூன்றாம் நாள், சிம் கார்டு வாங்க ஒரு கடையைத் தேடிப் போய், எண் சரியாக இருக்கிறதே என்று ஒரு பெரிய மரக்கதவின் மணியை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். ஐந்தாம் மாடி ஜன்னல் திறந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, வாயில் கவ்வியிருந்த துணிக்கவ்வியை எடுத்துவிட்டு, “ரோஸ்ஸோ! ரோஸ்ஸோ!” என்று கையை நீட்டித் தெருவின் மறுகோடியைக் காட்டினார். சிவப்பு, சிவப்பு. நான் அந்த ஊரில் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். பாட்டியின் தலைக்கு மேலே இரண்டு ஜன்னல்கள் வெறும் ஓவியங்கள் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். பச்சை மரச்சட்டம், நிழல், அரைகுறையாகத் திறந்த கதவு என எல்லாம் சுவரில் வண்ணத்தால் தீட்டியவை. கல்லில் செதுக்க வேண்டிய தூண்களையும் வளைவுகளையும் இப்படிச் சுவரில் வரைந்துவிடுவது இந்தக் கடற்கரைப் பகுதியின் பழைய வழக்கம். நிஜ ஜன்னல் எது, வரைந்த ஜன்னல் எது என்று பிரித்தறிய முயன்று பாருங்கள். கண்ணுக்கு அது நல்ல பயிற்சி.

வழி தவறும்போது செல்பேசி வரைபடத்தை அதிகம் நம்ப வேண்டாம். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே அது தடுமாறும். சரிவில் இறங்கிக்கொண்டே போனால் கடல் பக்கம் வந்து சேர்வீர்கள், ஏறினால் மலை. இந்த ஒரு கணக்கு போதும். இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத சந்துகளில் தனியாகப் போவதை மட்டும் ஊர் பழகும்வரை தவிர்த்துவிடுங்கள்.

சந்து முனைகளில் நின்று மேலே பாருங்கள்

இரண்டு சந்துகள் கூடும் முனையில், முதல் மாடி உயரத்தில், ஒரு மாடக்குழி இருக்கும். அதற்குள் மாதா சிலை. சில பளிங்கில், சில வெறும் சுதையில். பக்கத்து வீட்டுக்காரர்களும் தொழில் சங்கத்தாரும் வைத்து வழிபட்டவை. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இவற்றின் முன் எரிந்த அகல்தான் சந்துக்கு வெளிச்சம். மாடப்பிறையில் விளக்கு வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூலச் சிலைகளில் பலவற்றைப் பாதுகாப்புக்காக சான்ட் அகோஸ்தினோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டு, இடத்தில் நகல்களை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வாசல் நிலைகளின் மேற்கல். கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல்லில் குதிரை மீது அமர்ந்த ஒரு வீரன் டிராகனைக் குத்துகிற காட்சி அடிக்கடி தென்படும். அவர் புனித ஜார்ஜ். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை தாங்கிய ஜெனோவாவின் கொடியும் அவருடையதே. அந்தக் கல்லுக்கு ‘அர்தேசியா’ என்று பெயர். கிழக்கே லவான்யா பக்கத்து மலைகளில் வெட்டியெடுப்பது. ஊரின் கூரைகளும் அதே கல்தான். மழை பெய்து வெயில் அடிக்கும்போது மேலிருந்து பார்த்தால் கூரைகள் மீன் செதில் போல மின்னும்.

கறுப்பு வெள்ளைக் கோடுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே நில்லுங்கள்

சான் லொரென்சோ பேராலயத்தின் முகப்பு கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக இருக்கும். இந்தக் கோடுகளை நினைத்தவரெல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. ஆலயங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் அப்பால், டோரியா, ஸ்பினோலா, ஃபியெஸ்கி, கிரிமால்டி ஆகிய பெருங்குடும்பங்களுக்கே அந்த உரிமை இருந்தது. ஆக, கோடு தெரிந்தால் அங்கே அதிகாரம் குடியிருந்தது என்று பொருள்.

பேராலயத்துக்குள் போய் வலது பக்க நடையில் திரும்புங்கள். 381 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பீரங்கிக் குண்டு ஒன்று சுவரோரம் நிற்கும். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை கடலிலிருந்து ஊரைச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு குண்டு இந்த ஆலயத்தின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, ஆனால் வெடிக்கவில்லை. அந்த ரகக் குண்டு ஒன்றை, மாதாவுக்கு நன்றி சொல்லும் கல்வெட்டுடன் இங்கே வைத்திருக்கிறார்கள். காலையில் காய்கறிப் பையோடு வருகிறவர்கள் அதன் பக்கத்திலேயே நின்று ஜெபம் செய்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலான ஆலயங்கள் நண்பகலில் மூடிவிட்டு மாலையில்தான் திறக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சான் மத்தேயோ சதுக்கம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் உங்களையும் அவசரப்பட விடமாட்டேன். டோரியா குடும்பத்தின் ஆலயம், சுற்றிலும் அவர்களுடைய வீடுகள். ஆலய முகப்பின் வெள்ளைக் கோடுகளை உற்றுப் பாருங்கள். அவற்றில் வரிவரியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். டோரியாக்கள் வென்ற கடற்போர்களின் பட்டியல் அது. கோயில் சுவரில் மெய்க்கீர்த்தி வெட்டிய நாட்டிலிருந்து வருகிற நமக்கு அந்த எண்ணம் உடனே பிடிபட்டுவிடும். முகப்பின் வலது பக்கம் ஒரு பழைய ரோமானியக் கல்பெட்டி பதிந்திருக்கிறது. அதில்தான் லாம்பா டோரியாவை அடக்கம் செய்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து போகிற இடத்துக்கு இது வேண்டும்.

துறைமுகத்தில், ஓவியம் தீட்டிய அரண்மனைக்கு முன்னால்

சரிவில் இறங்கிக் கடலோரம் வந்தால், முகப்பு முழுக்க ஓவியம் தீட்டிய பலாட்சோ சான் ஜோர்ஜோ தெரியும். 1260-இல் கட்டத் தொடங்கியது. அன்று ஜெனோவா தனிக் குடியரசு, வெனிஸ் அதன் போட்டியாளர். கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்த வெனிஸ்காரர்களின் கட்டடத்தை இடித்து, அந்தக் கற்களைக் கப்பலில் ஏற்றி வந்து இதில் பதித்தார்கள். நகரைப் பார்த்த பழைய பக்கத்தில் உள்ள சிங்கத் தலைகள் அப்படி வந்தவைதான். 1407-இல் உருவான சான் ஜோர்ஜோ வங்கி இங்கிருந்து இயங்கியது. ஐரோப்பாவின் மிகப் பழைய வங்கிகளில் அது ஒன்று. அரசர்களுக்கே கடன் கொடுத்த ஊர் இது. இன்று இக்கட்டடம் துறைமுக ஆணையத்தின் அலுவலகம்.

இங்கே சற்று நேரம் நிற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1298-இல் குர்சோலா தீவருகே நடந்த போரில் லாம்பா டோரியாவின் கப்பல்கள் வெனிஸ் படையை முறியடித்தன. அந்தக் காலத்தில் ஜெனோவாவிடம் சிறைப்பட்ட வெனிஸ்காரர்களில் ஒருவர் மார்க்கோ போலோ. அவரை இந்தக் கட்டடத்தில்தான் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. சிறையில் அவருக்குத் துணையாக இருந்தவர் பிசா நகரத்து ருஸ்திகெல்லோ. 1284-இல் மெலோரியா போரில் ஜெனோவா பிசாவைத் தோற்கடித்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துவந்திருந்தது. “பிசாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெனோவாவுக்குப் போ” என்று சொல்லும் அளவுக்குக் கைதிகள். போலோ சொல்லச் சொல்ல ருஸ்திகெல்லோ எழுதினார். காயல் துறைமுகத்தில் வந்து இறங்கிய குதிரைகள், எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மக்கள், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பு என்று எல்லாம் அந்தப் பயணக் குறிப்புகளில் உண்டு. தாமிரபரணிக் கரைத் துறைமுகத்தை ஐரோப்பாவுக்குச் சொன்ன பக்கங்கள் ஜெனோவாவின் சிறையில் எழுதப்பட்டவை. இதை அறிந்த நாளிலிருந்து அந்தச் சுவரை வெறும் சுவராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

எதிரே தெரியும் மீன் காட்சியகம், பாரந்தூக்கியின் கைகள் போல விரிந்த வெள்ளைத் தூண்கள் எல்லாம் கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டையொட்டி 1992-இல், இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் வந்தவை. குழந்தைகளோடு வந்திருந்தால் காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தனியாக வந்திருந்தால் கலாட்டா கடல் அருங்காட்சியகம் போதும். பாய்க்கப்பல் காலம் தொட்டு, இங்கிருந்து அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிழைக்கப் போன ஏழைகளின் கதை வரை அங்கே இருக்கிறது.

பசித்தால் தாழ்வாரத்துக்குள் நுழையுங்கள்

துறைமுகத்தை ஒட்டி நீளமாக ஓடும் வளைவுத் தாழ்வாரத்தின் பெயர் சொட்டோரிபா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கியது. ஒருகாலத்தில் படகுகள் இதன் காலடிவரை வந்து நிற்கும். இன்று மீன் பொரிக்கும் கடைகள், மசாலாக் கடைகள், பண மாற்றுக் கடைகள். எண்ணெய் வாசனை வழிகாட்டும்.

ஃபரினாட்டாவைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மாவைக் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே கட்டும் நுரையை வழித்தெடுத்துவிடுவார்கள். பிறகு, தேர்ச்சக்கரம் அளவுள்ள செம்புத் தட்டில் எண்ணெய் விட்டு, மாவை விரல் கனத்துக்கும் குறைவாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். அடுப்புக்காரர் நீண்ட கழியால் தட்டைச் சுற்றிச் சுற்றி விடுவார், ஒரு பக்கம் கருகாமல் இருக்க. வெளியே வரும்போது மேல்பக்கம் பொன்னிறத்தில் கொப்புளித்திருக்கும், அடியில் மெத்தென்று இருக்கும். வெட்டிக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பார்கள். மிளகுத்தூள் தூவி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மெலோரியா போரிலிருந்து திரும்பும்போது புயலில் கடலை மாவும் எண்ணெயும் கடல்நீரும் கப்பலுக்குள் கலந்து பிறந்த பண்டம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் எந்தப் போரோடு சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள். ஃபரினாட்டா எல்லா நேரமும் கிடைக்காது. அடுத்த தட்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு, காத்திருந்து வாங்குவது இங்கே வழக்கம்.

காலைச் சிற்றுண்டிக்கு ஃபோக்கச்சா. விரலால் குழி குழியாக அழுத்தி எண்ணெய் விட்டுச் சுட்ட தட்டை ரொட்டி. இதைப் பால் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். முதலில் விசித்திரமாகத் தோன்றும், உப்பும் பாலும் சேருமா என்று. சேரும். உப்புத் தூவிய பக்கத்தை நாக்கில் படும்படி கவிழ்த்துப் பிடிப்பது ஊரார் வழக்கம்.

ஊரே பெருமைப்படும் பெஸ்தோவுக்கு அடிப்படை பேசில் இலை, அதாவது நம் திருநீற்றுப்பச்சிலை. மேற்கே ப்ரா என்ற இடத்தில் கண்ணாடிக் குடில்களில் வளர்த்து, இளந்தளிராகவே பறித்துவிடுகிறார்கள். பளிங்கு உரலில் பூண்டு, பைன் பருப்பு, உப்பு, பாலாடைக்கட்டி, எண்ணெயுடன் மர உலக்கையால் நசுக்குவார்கள். பாலாடைக்கட்டி உண்டு என்பதால் பால் பொருள் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கட்டியில் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால் கண்டிப்பான சைவ உணவுக்காரர்களும் கேட்டு வாங்குவது நல்லது.

சாப்பிட்டு முடித்து உள்ளே இரண்டு நிமிடம் நடந்தால் பியாட்சா பான்கி. பணம் மாற்றுவோரின் மேசைகள் இருந்த சதுக்கம். அங்குள்ள சான் பியெத்ரோ ஆலயம் மாடியில் இருக்கிறது, கீழே கடைகள். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொள்ளைநோய்க் கால நேர்த்திக்கடனாக அதைத் திரும்பக் கட்ட முனைந்தபோது, தரைத்தளக் கடைகளை விற்று அந்தப் பணத்தில் ஆலயத்தை எழுப்பினார்கள். ஜெனோவாக்காரர்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கட்டடம் போதும் என்பது என் கருத்து.

மலை ஏற லிஃப்ட் பிடியுங்கள்

இங்கே லிஃப்ட் என்பது பஸ், மெட்ரோ போலப் பொதுப் போக்குவரத்து. பியாட்சா போர்த்தெல்லோவில் ஓடு பதித்த சுரங்க நடைபாதைக்குள் நடந்தால், 1909 முதல் இயங்கும் காஸ்டெல்லெத்தோ லிஃப்ட். சில நொடிகளில் கூரைகளுக்கு மேலே கொண்டு சேர்க்கும். அதே சதுக்கத்திலிருந்து சான்ட் அன்னா ஃபனிகுலர், அதாவது கம்பிவடம் இழுக்கும் மலை ரயில். 1891-இல் தொடங்கியபோது அதற்கு இயந்திரமே இல்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், பாரத்தில் அது இறங்க, கீழே நிற்பது ஏறும். ஏற்றம் இறைத்த நம் தாத்தாக்களுக்கு உடனே புரிந்திருக்கும். இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது.

வியா பால்பியில் உள்ள மொன்தெகல்லெத்தோ லிஃப்டில் ஒருமுறையாவது ஏறுங்கள். பெட்டி முதலில் தண்டவாளத்தில் மலைக்குள் கிடையாக ஓடும். பிறகு நின்று, அதே பெட்டி செங்குத்தாக மேலேறும். இறங்கும் இடம் காஸ்டெல்லோ தல்பெர்திஸ். உலகைச் சுற்றிய ஒரு கப்பல் தலைவர் தனக்காகக் கட்டிக்கொண்டு, ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன மாளிகை.

காஸ்டெல்லெத்தோவுக்குக் கீழேயே வியா கரிபால்டி. 1551 முதல் செல்வர்கள் வரிசையாக மாளிகை எழுப்பிய தெரு. குடியரசில் அரச குடும்பமோ அதற்கான அரண்மனையோ இல்லாததால், வருகிற அரச விருந்தினர்களைத் தங்கவைக்கத் தகுதியான வீடுகளைப் பட்டியலிட்டு, தரம் பிரித்து, சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். 1576-இல் தொடங்கிய அந்தப் பட்டியலுக்கு ‘ரோல்லி’ என்று பெயர். அவற்றில் 42 மாளிகைகள் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். நகராட்சி நடக்கும் பலாட்சோ துர்சியில் வயலின் மேதை பகனினி வாசித்த வயலின் இருக்கிறது. உள்ளே போகும்போது மறக்காமல் மேற்கூரையைப் பாருங்கள்.

மேற்குப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்

துறைமுகச் சுமைதூக்கிகளை இங்கே ‘கமால்லி’ என்கிறார்கள். இந்தியாவில் பல இடங்களில் வழங்கும் ‘ஹமாலி’யும் இதுவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். அவர்களுடைய பழைய சங்கத்தின் விதிமுறைகள் 1340-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இன்றும் இந்த ஊர் அரசியலில் துறைமுகத் தொழிலாளர் குரலுக்குக் கனம் உண்டு. ஒருநாள் மாலை நேரத் தேநீர்க் கடையில் அவர்கள் பேச்சைக் கேட்டால் தெரியும்.

மேற்கே போல்செவேரா பள்ளத்தாக்கில், 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். 2020-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் கீழே 43 மரங்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். போனால் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள், படம் எடுக்க வேண்டாம். ஊராரிடம் இதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். பலருக்கு அது செய்தி அல்ல, அன்றாடம் வேலைக்குப் போன சாலை.

திரும்பி இறங்கும்போது

மாலையில் காஸ்டெல்லெத்தோ மேடைக்குப் போய், இருட்டும்வரை இருங்கள். மேற்கே துறைமுக ஓரத்தில் லான்டெர்னா கலங்கரை விளக்கம் தெரியும். இன்றைய கோபுரம் 1543-இல் கட்டியது, 76 மீட்டர் உயரம். 1449-இல் முந்தைய கோபுரத்தின் விளக்கைக் காத்தவர் கொலம்பஸின் சிற்றப்பா முறையான அந்தோனியோ. அடுத்தடுத்து இரண்டு மின்னல், பிறகு இடைவெளி, 20 நொடிக்கு ஒரு சுற்று. எண்ணிப் பாருங்கள். சார்டினியாவுக்கும் துனிசுக்கும் போகும் கப்பல்கள் அதைக் கடந்துதான் வெளியேறும்.

திரும்புவதற்கு லிஃப்ட் வேண்டாம், கிரோஸா வழியாக இறங்குங்கள். இரண்டு பக்கமும் மதில், நடுவில் செங்கல் பாவிய பட்டை, ஓரங்களில் கூழாங்கல். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பழைய பாதைகள் இவை. ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்போ காலணியோ போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் கூழாங்கல்லில் கால் வைக்காமல் நடுச் செங்கல் மேலேயே நடங்கள், சுவரில் கைப்பிடிக் கம்பி இருக்கிற பக்கமாக. நிமிர்ந்து பார்க்க ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் நின்றுகொண்டு பிறகு பாருங்கள்.